இருபத்துநாலில் ஒரு பங்கு

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் பல்லுக்காரியைத் திட்டித் தீர்த்தவர்கள் இந்த வாரமும் திட்டலாம். அவள் செய்தது திட்ட வேண்டிய காரியம்தான். அண்ணன் ஓட்டிவந்த லாரி தன் பெயரில் பதிவாகியிருக்கிறது என்ற ஒரே தைரியத்தில், அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்பனைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். போட்டுப் பதினோரு நாள் ஆகிறது. அந்தப் பதினோரு நாளும் அண்ணன் அவளோடு பேசவில்லை.

பேச வராமல் இல்லை. எட்டு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதம் அவன் வலது கை விரல்களை மடக்கி, வலது காலையும் கொஞ்சம் தளர்த்திப் போட்டது; நாக்கைத் தொடவில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். லாரிக்காரர்கள் மத்தியில் அவனுக்கு 'ஹாரன்' என்று பெயர். வாயைத் திறந்தால் நாலு வண்டி தாண்டிக் கேட்கும். அந்த வாய் இப்போது அண்ணியிடம் 'ம்', 'சரி', 'ஃபேனைப் போடு' என்பதோடு நின்றுவிடுகிறது. தங்கைக்கு அந்த 'ம்' கூடக் கிடையாது.

இன்று மாலை நாலு மணிக்கு, வாங்கியவர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போகப்போகிறார். அதற்குள் அண்ணனை ஒரு வார்த்தையாவது பேச வைத்துவிட வேண்டும். அது வசவாக இருந்தாலும் சரி. அவளுக்கு இன்றைக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காலை ஆறரைக்கே அவள் மாடி அறையில் ஜன்னலோர மேஜைக்கு முன் உட்கார்ந்துவிட்டாள். மேஜைமேல் அண்ணனின் லாரி நின்றுகொண்டிருந்தது. நிஜ வண்டி இருபத்துநாலு அடி நீளம். இது சரியாக ஒரு அடி. இருபத்துநாலில் ஒரு பங்கு. டயரும் ரிம்மும் மட்டும் கடைச் சரக்கு. மற்றதெல்லாம் நாலு மாதமாக அவள் கையால் செய்தது.

பல் செட் செய்யும் லேபில் அவளுக்குப் பன்னிரண்டு வருஷ அனுபவம். தெருவே அவளைப் பல்லுக்காரி என்றுதான் கூப்பிடும். மெழுகு செதுக்கும் கத்தியால் கேபின் கதவின் கைப்பிடியைச் செதுக்கியிருந்தாள். பல்லைத் தேய்க்கும் மோட்டாரால் ரேடியேட்டரில் வரி வரியாகக் கோடு இழுத்திருந்தாள். பின்சக்கர மட்கார்டுக்கு எதுவும் சரிப்படாமல், ஈறு செய்யும் மாவைக் குழைத்து வார்த்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டாள். தைக்கிறவளான அண்ணி, கேபினுக்குள் நகக்கண் அகலத்தில் ஒரு திரை தைத்துக் கொடுத்திருந்தாள்.

மாடல் செய்பவர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பளபளவென்று பெயிண்ட் அடித்துவிட்டால் அவர்களுக்கு மனசு ஆறாது. அது யார் வேண்டுமானாலும் செய்யலாம், உழைத்த வண்டியை உழைத்த வண்டியாகக் காட்டுவதில்தான் கை பேசும் என்பார்கள். பல்லுக்காரியும் அந்த ஜாதி. ஸ்பாஞ்சுத் துண்டில் பழுப்பு நிறத்தைத் தொட்டுத் தொட்டு பம்பரில் துரு ஏற்றியிருந்தாள். சாக்பீஸைப் பொடித்துக் கூரைமேல் தூசியாகத் தூவியிருந்தாள். வண்டி நிற்கிற இடத்து மண்ணையே சலித்து எடுத்துவந்து, வெள்ளைப் பசையில் குழைத்துச் சேறாகப் பூசியிருந்தாள். எட்டு மாதமாக நிற்கும் வண்டியை எட்டுப் பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, கறை கறையாகப் பார்த்துச் செய்த வேலை.

"முடிஞ்சுதா உன் பிரசவம்?" என்று கேட்டுக்கொண்டே அண்ணி டீயோடு வந்தாள்.

"முடிஞ்சுது அண்ணி. பாருங்க."

அண்ணி குனிந்து பார்த்தாள். நிமிரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அடிப்பாவி. என் சக்களத்தி அப்படியே இருக்காளே!"

அந்த வீட்டில் லாரிக்கு அண்ணி வைத்த பெயர் அது. தான் வருவதற்கு முன்பே அவனுக்கு வாய்த்தவள் என்பது அவள் கணக்கு.

"தூசியெல்லாம்கூடப் போட்டிருக்கே?"

"தூசி, துரு மட்டும் ஆறு வாரம் அண்ணி."

"என் தையல் மெஷினைப் பாரு. ஒண்ணுமே பண்ணாம ரெண்டு நாள்ல வந்துடும்."

இருவரும் சிரித்தார்கள். அண்ணி முதலில் நிறுத்தினாள்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. நின்ன வண்டி மக்கித்தான் போகும், வித்தது சரிதான். நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா யானையை வித்துட்டு யானை பொம்மையைக் கையில கொடுக்கப் போறே. அவர் என்ன சொல்வார்னு நினைக்கிறே?"

"ஏதாவது சொல்லுவான்ல? அது போதும்."

கீழே அண்ணன் ஜன்னலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னாலிருந்த முக்காலியில் லாரியை வைத்தாள்.

"அண்ணா, இது உனக்கு."

அவன் கண் லாரிமேல் விழுந்தது. அங்கேயே நின்றது. வாய் திறக்கவில்லை. அவள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள். அதற்குள் லேபிலிருந்து போன்: ஒரு பாடகருக்கு மேல் பல் செட் உடைந்துவிட்டதாம், சாயங்காலம் மேடை ஏற வேண்டுமாம், உடனே வா. பல் இல்லாமல் பாடச் சொல்ல முடியுமா? அவள் கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். அண்ணன் அப்படியே உட்கார்ந்திருந்தான். பஸ் ஏறினாள்.

பதினொன்றே காலுக்கு அண்ணியின் போன் வந்தது.

"சீக்கிரம் வா. அவர் அந்த வண்டியைத் தூக்கிக்கிட்டு பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டார்."

"எதுக்கு?"

"எனக்கு என்ன தெரியும்? கேட்டா பதில் இல்லை. உள்ளே தண்ணிச் சத்தம் கேக்குது. என்னமோ உடையற மாதிரியும் கேக்குது."

பாடகரின் பல்லைப் பக்கத்து மேஜைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினாள். நாலு மாத வேலை சுக்குநூறாகிக் கிடக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டாள். உடைத்தால் உடைக்கட்டும், கோபம் வெளியே வந்தால் நல்லதுதான் என்றும் நினைத்துக்கொண்டாள். வீட்டு வாசலுக்கு வரும்போது இரண்டாவது நினைப்பு காணாமல் போயிருந்தது.

"அண்ணா! கதவைத் திற!"

தாழ்ப்பாள் நகர்ந்தது. அண்ணன் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். காலடியில் துணி ஊறவைக்கும் பேசின் நிறையச் சோப்பு நுரை. மடங்கிய வலது கை விரல்கள் லாரியின் அடியில் கொக்கி மாதிரி மாட்டியிருந்தன. இடது கையில் பழைய டூத் பிரஷ். பேசினில் இருந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கிப் போயிருந்தது. அவளுடைய ஆறு வாரம் அதில் கரைந்துகொண்டிருந்தது.

"என்ன அண்ணா பண்றே!"

"கண்ணு தெரியலையா? வண்டி கழுவறேன்."

பதினோரு நாள் கழித்து வந்த முதல் பேச்சு. அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பாருங்கள், மனுஷ மனசு விசித்திரமானது. அவளுக்குக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"அது அழுக்கு இல்ல! நான் பண்ணினது! ஆறு வாரம் முதுகு ஒடிய உக்காந்து பண்ணினது!"

"அழுக்குப் பண்ண ஆறு வாரமா?"

"அதுதான் கஷ்டமே. உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு என்ன தெரியுமா?" ஹாரன் திரும்பி வந்துவிட்டது. பக்கெட் அதிர்ந்தது. "இருபத்திரெண்டு வருஷம் ஓட்டினேன்டி. லோடு இறக்கினா நான் குளிக்கறதுக்கு முன்னாடி வண்டி குளிக்கும். என் வண்டியில சேறு ஒரு ராத்திரி தங்கினது கிடையாது. வேணும்னா இவளைக் கேளு."

கதவருகில் நின்ற அண்ணி தலையாட்டினாள். "நிஜந்தான். நான் காய்ச்சல்ல கிடந்தப்போகூட முதல்ல சக்களத்தி குளிச்சா. அப்புறம்தான் எனக்கு மாத்திரை வந்தது."

"கேட்டியா? நீ இப்படி ஒரு வண்டியைப் பண்ணி இது ஹாரனோட வண்டின்னு எவன்கிட்டயாவது காட்டியிருந்தா, என் மானம் என்ன ஆகும்?"

"ஓடின வண்டின்னா அழுக்கு இருக்கும்னுதானே..."

"இது ஓடின வண்டியோட அழுக்கா?" அவன் லாரியைத் திருப்பி, இன்னும் கழுவாத பக்கத்தைக் காட்டினான். "இங்க பாரு. ஓடற வண்டியில அழுக்கு பின்னாடி போகும். சக்கரத்துலேருந்து வாரி அடிச்சிருக்கும், காத்து இழுத்திருக்கும். நீ பண்ணினது மேலேருந்து கீழே வழிஞ்சிருக்கு. கூரையில தூசி படுத்திருக்கு. இது நின்ன வண்டியோட அழுக்குடி."

அவள் குனிந்து பார்த்தாள்.

உண்மைதானே. அவள் போட்டோ எடுத்தது நிற்கிற வண்டியை. ஓடுகிற வண்டியை இருபத்திரண்டு வருஷமும் வாசலில் நின்று வழியனுப்பியிருக்கிறாள்; ஒரு நாளும் இப்படிக் குனிந்து பார்த்ததில்லை. அண்ணனின் உழைப்பைக் காட்டுகிறேன் என்று கிளம்பி, அவன் முடங்கிப்போன எட்டு மாதத்தை அச்சுப் பிசகாமல் செய்து அவன் முன்னாலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறாள். நினைக்கவே நெஞ்சு கூசியது.

அவன் மறுபடி தேய்க்க ஆரம்பித்தான்.

"பம்பர்ல துரு போகமாட்டேங்குது."

"அது பெயிண்ட் அண்ணா."

"ஊர்ல துருவுக்கு மேல பெயிண்ட் அடிப்பாங்க. நீ பெயிண்ட்டுல துருவை அடிச்சிருக்கே. நல்ல வேலைக்காரி."

இன்னும் நாலு தேய் தேய்த்தான். பின்சக்கரத்துக்கு மேல் கறுப்பு உரிந்தது. அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ஏன்டி பொடிசு, மட்கார்டு ஏன் ஈறு கலர்ல இருக்கு?"

அண்ணிதான் முதலில் சிரித்தாள். பிறகு இவள். வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. அண்ணனின் உதடு ஒரு பக்கம் கோணியது; இப்போதெல்லாம் அவன் சிரிப்பு அப்படித்தான் வருகிறது. எட்டு மாதத்தில் அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

"மணி என்ன?" என்றான் அவன்.

"பன்னெண்டு."

"அந்த ஆள் எப்போ வரார்?"

அவனிடம் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் தெரிந்துதான் இருந்தது.

"நாலு மணிக்கு," என்றாள் அண்ணி.

"அங்க நிக்கறதும் இந்த லட்சணத்துலதானே இருக்கும்? அழுக்கு வண்டியை எவனாவது இன்னொருத்தன் கையில கொடுப்பானா? என்னை எழுப்பி விடுங்க."

வண்டி இரண்டு தெரு தள்ளி, மரக்கடையின் பின்பக்கக் காலி இடத்தில் நின்றது. ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெங்கும் போகாதவன், தங்கை தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். வண்டியைப் பார்த்ததும் கொஞ்சம் நின்றான். கூரையெல்லாம் பறவை எச்சம். கண்ணாடியில் இலைச் சருகு. முன்டயரில் காற்று இறங்கியிருந்தது. அவன் கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தான்.

பிறகு சொல்ல ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை.

"மேலேருந்து கழுவுடி! கீழே கழுவிட்டு மேலே போனா, திரும்ப கீழே யார் கழுவறது? கண்ணாடிக்குத் தனித் துணி! தனித் துணின்னு சொன்னேன்ல? அந்தப் பக்கம் யாரு, நீயா? தடவாதே, தேய். இதென்ன உன் சில்க் துணியா?"

"கட்டினதுலேருந்து என் துணியை ஒரு நாள் இப்படிப் பாத்திருப்பீங்களா?" என்றாள் அண்ணி, சக்கரத்துக்குப் பின்னாலிருந்து.

மரக்கடை ஆட்கள் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "ஹாரன் வந்தாச்சுடா!" என்று கத்தினார்கள். ஒருவர் ரப்பர் குழாயை நீட்டிக் கொடுத்தார். இன்னொருவர் காற்றடிக்கும் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

இரண்டரை மணிக்கு அவள் முன்சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பக்கெட்டை அருகில் நகர்த்திப் போட்டு உட்கார்ந்திருந்தான். அண்ணி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். இப்போது விட்டால் பிறகு வராது என்று அவளுக்குத் தோன்றியது.

"அண்ணா. கேக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்."

"ம்."

"தப்புதான்."

அவன் சக்கரத்தின் நட்டு ஒன்றை இடது கைக் கட்டைவிரலால் துடைத்தான்.

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்," என்றான். "அது உனக்கும் தெரியும். அதனாலதான் கேக்கலை."

"ஆமா."

"வேண்டாம்னு சொல்றதுக்குக்கூட ஒரு ஆள் கேக்கணும்ல? கை போச்சு. சரி, அது யார் கையிலயும் இல்லை. கேள்வியுமா போயிடுச்சு? இந்த வீட்டுல என்னை எதையுமே யாரும் கேக்கறதில்லை. சாப்பிடறியான்னு மட்டும் கேக்கறீங்க."

ஈரக் கையோடு அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். அவன் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் போனதும், "அந்தப் பக்கத்து நட்டு இன்னும் அழுக்கா இருக்கு," என்றான்.

மூன்றரைக்கு வண்டி மின்னியது. பதிவெண் பலகையைக் கடைசியாக அண்ணி துடைத்தாள். "போறப்போவாவது லட்சணமா போகட்டும்," என்று சொன்னவளின் குரல் சரியாக இல்லை. இருபது வருஷம் சக்களத்தி என்று வைதவள், அந்தப் பலகையை மூன்று தடவை துடைத்தாள்.

வாங்கியவர் நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே டிரைவர் ஒருவரோடு வந்துவிட்டார். கல் குவாரி நடத்துகிறவர். கெட்ட மனிதர் இல்லை. அண்ணனைப் பார்த்ததும் நேராக வந்து வலது கையைப் பிடிக்கப் போனார். விஷயம் புரிந்ததும் தயங்காமல் இடது கையைப் பற்றி நலம் விசாரித்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கழுவியே வெச்சுட்டீங்களே! எதுக்குங்க இவ்வளவு சிரமம்? எங்க குவாரியில ஒரு நாள் நின்னாப் போதும், அப்புறம் என்ன கலர்னே தெரியாது."

மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"சாவியைக் கொடுத்துட்டீங்கன்னா இருட்டறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடுவோம்மா," என்று கையை நீட்டினார்.

பல்லுக்காரி கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். கொடுத்திருக்கலாம். கையெழுத்து என்றைக்கோ போட்டாயிற்று. சாவி வெறும் சம்பிரதாயம்தான். ஆனால் இரண்டரை மணிக்கு அண்ணன் சொன்னது இன்னும் காதிலேயே இருந்தது. இப்போதாவது ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று நினைத்தாள். வண்டியைக் கழுவச் சொன்னதே அவன்தான். கொடு என்பான். அவன் வாயால் சொன்ன பிறகு கொடுத்ததாக இருக்கும். பதினோரு நாள் பாரமும் இறங்கிவிடும்.

திரும்பினாள்.

"அண்ணா, கொடுக்கட்டுமா?"

அண்ணனின் முகம் மாறியது. இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவனும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. குவாரிக்காரரைப் பார்த்தான். அவர் நீட்டிய கையைப் பார்த்தான். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த வண்டியை முன்னாலிருந்து பின்னால்வரை பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். கத்தவில்லை. கேட்டவளுக்கு மட்டும் சொல்கிற குரலில் சொன்னான்.

"வேண்டாம்."

அண்ணியின் கையிலிருந்து ஈரத்துணி நழுவியது. குவாரிக்காரர் சரியாகக் காதில் விழாதது போல அண்ணனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார்; நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. சாவி பல்லுக்காரியின் விரல்களுக்கு நடுவில் இருந்தது.

கேட்டுவிட்டாள். இனிமேல் கேட்காதவள் மாதிரி இருக்க முடியாது.